அடியிலிருந்து கேளுங்கள்: சார்லி ஹன்டர் ட்ரியோவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டு ஓடுகிறது. சாக்ஸபோன் கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது. கீழே தடித்த குரலில் ஒரு பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டார்) நடந்துகொண்டிருக்கிறது. நடுவில் கிட்டார் கார்டுகளும் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்), அவ்வப்போது பேஸுக்குப் பதில் சொல்வது போலச் சின்னச் சின்ன மெட்டுத் துணுக்குகளும். விரல் விட்டு எண்ணினால் நான்கு பேர். ஆல்பத்தின் அட்டையைத் திருப்பினால் அணியில் மூன்றே பெயர் (ட்ரியோ என்றால் மூவர் அணி). பேஸ் வாசிப்பவர் என்று தனியாக யாருமே இல்லை.

முதன்முதலில் 'பிங் பிங் பிங்' ஆல்பத்தைக் கேட்டபோது, அச்சில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது என்றே நினைத்தேன். விடுபடவில்லை. பேஸையும் கிட்டாரையும் ஒரே ஆள், ஒரே வாத்தியத்தில், ஒரே நேரத்தில் வாசிக்கிறார். அவர்தான் சார்லி ஹன்டர்.

இதைத் தெரிந்துகொண்ட நிமிடத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நானும் செய்தேன். வித்தை பார்க்கிற கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடுவோம். விரல் எப்படி ஓடுகிறது, மூளை எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று வியந்துகொண்டே இருப்போம். இசை கைநழுவிப் போய்விடும். இந்த அணியின் ருசி அந்த வித்தையில் இல்லை. பேஸும் கிட்டாரும் ஒரே உடம்பிலிருந்து வரும்போது தாளத்துக்கு என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. அதைக் காதில் பிடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். ஜாஸ் கேட்டே பழக்கமில்லாதவர்களும் தாராளமாக வரலாம்.

முதலில் இவர்கள் யார்

ஹன்டர் பிறந்தது 1967. வளர்ந்தது கலிபோர்னியாவின் பெர்க்லியில். அம்மா கிட்டார் பழுதுபார்ப்பவர். வாத்தியத்தைப் பிரித்து, ஒட்டி, மாற்றி அமைக்கலாம் என்பது அந்த வீட்டில் சின்ன வயதிலேயே சாதாரண விஷயமாக இருந்திருக்க வேண்டும். பதின்வயதில் ஜோ சாட்ரியானியிடம் கிட்டார் பாடம். பிறகு ஐரோப்பா போய்த் தெருக்களில் வாசித்துப் பிழைத்தார். தெருவில் நிற்பவனுக்குப் பேஸ் வாசிக்க ஒருவர், கிட்டாருக்கு ஒருவர் என்று ஆள் சேர்க்க வசதி கிடையாது. இருப்பதைக் கொண்டு முழுச் சத்தமும் எழுப்பியாக வேண்டும், நடந்து போகிறவரை நிறுத்தவும் வேண்டும். அவருடைய வாசிப்பில் அந்தத் தெருவின் தேவை கடைசி வரை இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஊர் திரும்பி, மைக்கேல் ஃபிரான்டியின் 'டிஸ்போசபிள் ஹீரோஸ் ஆஃப் ஹிப்ஹாப்ரிசி' என்ற ஹிப்ஹாப் அணியில் சேர்ந்தார். 1992-இல் யு2 குழுவின் பிரம்மாண்டமான அரங்க நிகழ்ச்சிகளுக்கு முன்னால் அந்த அணி வாசித்தது. 1993-இல் டேவ் எல்லிஸ் சாக்ஸபோன், ஜே லேன் டிரம்ஸ் என்று அமைந்த ட்ரியோவின் முதல் ஆல்பம் வந்தது. அதை வெளியிட்டது பிரைமஸ் குழுவின் லெஸ் கிளேபூல் நடத்திய சிறிய நிறுவனம். அப்போது சான் பிரான்சிஸ்கோவில் நின்றுகொண்டு ஆடும் இளைஞர் கூட்டத்துக்கு ஜாஸ் வாசிக்கும் கிளப்புகள் சில இருந்தன. எல்போ ரூம், அப் அண்ட் டவுன் கிளப் ஆகியவை பெயர் பெற்றவை. இந்த இசை வளர்ந்த இடம் அது. 1995-இல் புளூ நோட் நிறுவனம் இவர்களை எடுத்துக்கொண்டது. 1939 முதல் ஜாஸ் வெளியிட்டுவந்த நிறுவனம்.

வரலாறு இவ்வளவு போதும்.

படி 1: கைப்பேசி ஸ்பீக்கரை ஒதுக்கி வையுங்கள்

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஹன்டரின் தாழ்ந்த கம்பி பேஸ் கிட்டாரின் ஈ (E) ஸ்வரம். அதன் அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. நீங்கள் கேட்பது பேஸின் மேல்தோல் மட்டும்தான். அரை அணி காணாமல் போய்விடும்.

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். காதை நன்றாக மூடும் சாதாரண ஹெட்போன் போதும். காதுக்குள் செருகும் வகை என்றால் ரப்பர் முனை சரியான அளவா என்று பாருங்கள். இடைவெளி விட்டால் முதலில் கசிந்து போவது பேஸ்தான். ஈக்வலைசரில் பேஸைக் கூட்டி வைத்திருந்தால் அதையும் சமப்படுத்திவிடுங்கள். இங்கே பேஸ் ஊதிப்போனால் கட்டைவிரல் கம்பியைத் தொடும் அந்தச் சின்ன 'டக்' மறைந்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த 'டக்'தான்.

படி 2: தகதிமியை வாயில் எடுத்துக்கொள்ளுங்கள்

ஹன்டர் அணியின் ஜாஸில் கலந்திருப்பது ஃபங்க். அது என்ன என்று வரையறை தேடிக்கொண்டு அலைய வேண்டாம். நம் கையிலேயே அதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது.

ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தகதிமி. மொத்தம் பதினாறு சொல். ஃபங்க் இந்தப் பதினாறு கட்டங்களில் விளையாடுகிற விளையாட்டு. எந்தக் கட்டத்தில் அடி விழுகிறது, எந்தக் கட்டம் காலியாக விடப்படுகிறது என்பதில்தான் குரூவ் என்கிற, உடம்பை ஆட வைக்கும் தாள ஓட்டம் பிறக்கிறது. ஃபங்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் அணிக்கு முதல் தட்டை இறுகப் பிடிக்கச் சொல்லி வளர்த்தார். முதல் தட்டு கல் மாதிரி நின்றுவிட்டால், மீதிப் பதினைந்து கட்டத்தில் யார் எப்படி வேண்டுமானாலும் தாவலாம்.

பழைய ஜாஸின் ஸ்விங் வேறு. அங்கே ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஓடுவது தகிட. அதிலும் நடு எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்ல வேண்டும்: 'த…ட, த…ட'. இதை ஒரு நிமிடம் சொல்லிப் பாருங்கள். உடம்பு ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கும். உடனே தகதிமிக்கு மாறுங்கள், நிமிர்ந்து உட்காருவீர்கள்.

ஹன்டர் அணி இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறது. தகதிமியாகத் தொடங்கும் ஒரு குரூவ், தகிடவின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். முழுதாகச் சாயாது. எழுதிக் காட்ட முடியாத அந்தச் சாய்மானம்தான் 'பாக்கெட்' என்று வாசிப்பவர்கள் சொல்வது.

இன்னொன்று, கை. நமக்குத் தாளம் போடும்போது முதல் தட்டில் உள்ளங்கை தொடையில் விழுந்துதான் பழக்கம். இங்கே ஸ்னேர் டிரம் பளீரென்று விழுவது இரண்டிலும் நான்கிலும். கால் ஒன்றிலும் மூன்றிலும் தரையைத் தொடட்டும், கை இரண்டிலும் நான்கிலும் தட்டட்டும். முதல் நாள் கை தானாக ஒன்றுக்கு ஓடிப்போகும். பிடித்து இழுத்து வாருங்கள். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

படி 3: அந்தக் கிட்டாரைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த அணியின் பொற்காலத்தில் ஹன்டர் வாசித்தது எட்டுக் கம்பிக் கிட்டார். செய்து கொடுத்தவர் ரால்ஃப் நோவக். கீழ் மூன்று கம்பிகள் பேஸுக்கு: ஈ, ஏ, டி. மேல் ஐந்து கம்பிகள் கிட்டாருக்கு: ஏ, டி, ஜி, பி, ஈ. அதாவது ஒரு பேஸ் கிட்டாரின் மேல் கம்பியை எடுத்துவிட்டு, ஒரு சாதாரணக் கிட்டாரின் தாழ்ந்த கம்பியையும் எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே கழுத்தில் பூட்டியது போல.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பேஸ் கம்பி நீளமாக இருந்தால்தான் விறைப்பாக நின்று தெளிவாக ஒலிக்கும். மேல் கம்பி அதே நீளத்துக்கு இழுக்கப்பட்டால் இறுகிப்போய் ஒலி மெலிந்துவிடும். யாழைப் பாருங்கள், பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள்: தாழ்ந்த ஸ்வரத்துக்கு நீளக் கம்பி, உயர்ந்த ஸ்வரத்துக்குக் குட்டைக் கம்பி. நோவக் இதைக் கிட்டார் கழுத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கம்பிக்கும் வெவ்வேறு நீளம் வரும்படி ஃபிரெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளை) நேர்கோடாக வைக்காமல், விசிறி மடிப்பு மாதிரி விரித்துப் போட்டார். படத்தில் பார்க்கும்போது ஃபிரெட்டுகள் கோணலாகத் தெரிவது இதனால்தான்.

இரண்டு கம்பிக் கூட்டத்துக்கும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் தனித்தனிப் பிக்கப். தனித்தனியாக வெளியே போகும் ஒயர். பேஸ் ஒரு பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கும் கிட்டார் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் போகின்றன. மேடையில் இரண்டு திசையிலிருந்து இரண்டு வாத்தியம் வருவது போலக் கேட்பதற்குக் காரணம் இதுவே. வலது கையில் கட்டைவிரல் பேஸ் கம்பிகளைப் பார்த்துக்கொள்கிறது, மற்ற விரல்கள் கிட்டார் கம்பிகளை. இடது கைக்குத்தான் பெரிய வேலை. ஆள்காட்டி விரல் பேஸ் ஸ்வரத்தை அழுத்திக்கொண்டிருக்கும்போதே மற்ற விரல்கள் மெட்டை எட்டிப் பிடிக்க வேண்டும்.

கிட்டார் சத்தம் சில இடங்களில் ஆர்கன் மாதிரி அலை அலையாகச் சுழன்று வருவதைக் கவனிப்பீர்கள். அதுவும் தற்செயல் இல்லை. ஹாமண்ட் ஆர்கனோடு லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வரும். அந்தச் சுழற்சியை உண்டாக்கும் எஃபெக்டைக் கிட்டாருக்குப் போட்டிருக்கிறார். ஜிம்மி ஸ்மித் 1956-இல் புளூ நோட்டுக்கு வந்த பிறகு 'ஆர்கன் ட்ரியோ' என்ற வடிவம் பரவியது. ஆர்கன், கிட்டார், டிரம்ஸ். பேஸுக்குத் தனி ஆள் கிடையாது, ஆர்கன்காரரே இடது கையாலும் கால் பெடலாலும் பேஸ் போட்டுவிடுவார். ஹன்டர் அந்த ஆர்கன்காரரின் நாற்காலியில் கிட்டாரோடு போய் உட்கார்ந்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால், வினோதமாகத் தோன்றிய வாத்தியம் ஒரு பழைய குடும்பத்தின் பிள்ளையாகத் தெரியும்.

பிற்காலத்தில் அவர் எட்டை ஏழாகக் குறைத்தார், சுழலும் எஃபெக்டையும் விட்டுவிட்டு, புளூஸுக்கு நெருக்கமான, கரகரப்பான நேரடி ஒலிக்குப் போனார். எனக்கு இரண்டும் பிடிக்கும். தொடங்குபவர்களுக்கு எட்டுக் கம்பிக் காலமே சரி.

படி 4: ஒரே பாட்டை மூன்று முறை

இதுதான் முக்கியமான படி. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

'பிங் பிங் பிங்' ஆல்பத்தில் நிர்வாணா குழுவின் 'கம் ஆஸ் யூ ஆர்' பாட்டைப் பாடகர் இல்லாமல் வாத்தியத்தில் எடுத்திருக்கிறார்கள். மூலப் பாட்டு 1991-இல் வந்தது. ராக் கேட்டவர்களுக்கு அதன் கிட்டார் வரி கட்டாயம் தெரியும். தெரியாதவர்கள் முதலில் மூலத்தை ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். மெட்டு தெரிந்திருந்தால், மெட்டைத் தேடும் வேலை மிச்சம். காது கீழே இறங்கும்.

முதல் முறை: பேஸ் மட்டும். மற்ற எதற்கும் காது கொடுக்க வேண்டாம். பேஸ் வரியை வாயால் கூடவே முனகுங்கள். 'டூம், டும்-டும்' என்று எப்படி வருகிறதோ அப்படி. அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எங்கே மௌனமாகிறது என்பது உங்கள் தொண்டைக்குத் தெரிந்துவிட வேண்டும்.

இரண்டாம் முறை: டிரம்ஸ் மட்டும். அதிலும் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேஸ் விழும் இடங்களில் அதுவும் விழுகிறதா? சில இடத்தில் விழும், சில இடத்தில் வேண்டுமென்றே விலகும். அதோடு ஸ்னேரின் இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே கோஸ்ட் நோட் என்று சொல்லும் மிக மெல்லிய தட்டுகளைத் தேடுங்கள். தகதிமியின் காலிக் கட்டங்களை முணுமுணுப்பாக நிரப்பிக்கொண்டிருப்பவை அவை. ஹெட்போன் இல்லாமல் அவற்றைப் பிடிக்க முடியாது.

மூன்றாம் முறை: கிட்டார் கார்டுகள் பேஸைத் தொடும் இடம். இங்கேதான் இந்த அணியின் உயிர். சாதாரண அணியில் பேஸ் வாசிப்பவரும் கிட்டார் வாசிப்பவரும் இரண்டு மனிதர்கள். எவ்வளவு பழகியிருந்தாலும் இருவருக்கும் காலத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். அந்த மயிரிழை வேறுபாடும் அழகுதான். ஹன்டரிடம் அந்த வேறுபாடு கிடையாது. பேஸ் கொஞ்சம் பின்தங்கி வந்தால், கார்டும் அதே அளவு பின்தங்கி வரும். வேண்டுமானால் கட்டைவிரலை மட்டும் பின்னால் இழுத்து, கார்டை முன்னால் தள்ளி வைப்பார். இரண்டும் ஒரே நினைப்பின் இரண்டு நுனிகள். எதிரில் டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பேச்சுத்துணை ஒரே ஒருவர். அதனால் அந்த உரையாடல் நெருக்கமாக இருக்கிறது.

சோலோ (தனி வாசிப்பு) வரும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். கிட்டார் மெட்டு நீண்டு ஓடும்போது பேஸ் மெலிந்து, இரண்டு மூன்று ஸ்வரத்துக்குச் சுருங்கும். மெட்டு மூச்சு விடும்போது பேஸ் மறுபடி கொழுக்கும். மனிதக் கைக்கு எல்லை உண்டு; அந்த எல்லையிலிருந்து ஒரு பாணி பிறந்திருக்கிறது. மேலே ஒரு கேள்வி, கீழே ஒரு பதில். வினாவும் விடையுமாகச் செய்யுள் நடப்பது மாதிரி. வேகமான ஓட்டத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம் ஏற்படலாம். சொற்களை எண்ணிச் செலவழிக்கிற வாசிப்பு இது. நான் இதை அதன் மிகப் பெரிய பலமாகவே கருதுகிறேன்.

படி 5: ஆல்பங்களை எந்த வரிசையில் கேட்பது

தேதி வரிசையில் போகாதீர்கள். நான் நண்பர்களுக்குக் கொடுக்கும் வரிசை இது.

'பிங் பிங் பிங்' (1995) கையில் இருக்கிறது. அதை முழுசாகக் கேட்டு முடியுங்கள். சில உருப்படிகளில் விருந்தினர்களும் வாசிக்கிறார்கள், குழம்ப வேண்டாம்.

அடுத்து 'நாட்டி டிரெட்' (1997). ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி 1974-இல் வெளியிட்ட அதே பெயருள்ள ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே எடுத்து, பாடகர் இல்லாமல் வாசித்திருக்கிறார்கள். இங்கே இரண்டு சாக்ஸபோன்; டிரம்ஸில் ஸ்காட் அமெண்டோலா. புதியவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. ரெகேயில் பேஸ்தான் ராஜா. கிட்டாருக்கு வேலை தட்டுக்கு நடுவில் 'சக்' என்று வெட்டிவிட்டு நகர்வது மட்டும். கட்டைவிரல் ஒரு நாட்டில், மற்ற விரல்கள் இன்னொரு நாட்டில். போதாக்குறைக்கு ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் தட்டு காலியாகக் கிடக்கும். பெரிய டிரம் மூன்றில் விழும். ஜேம்ஸ் பிரவுன் கல்லாக நிறுத்திய அதே முதல் தட்டை இங்கே திறந்து விட்டுவிடுகிறார்கள். படி 2-இல் கை பழகியிருந்தால் இந்த மாற்றத்தை உடம்பு உடனே கண்டுகொள்ளும். மாலை வேளையில், விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, மூலத்தையும் இதையும் பாட்டுக்குப் பாட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். மார்லியின் குரல் இருந்த இடத்தில் சாக்ஸபோன் வந்து நிற்கும்போது, வார்த்தை இல்லாமலே வரி ஞாபகத்துக்கு வரும்.

பிறகு 'ரெடி செட் ஷாங்கோ' (1996). ஆட்டம் போட வைக்கும் ஹன்டர் வேண்டுமென்றால் இதுதான். 'ரிட்டர்ன் ஆஃப் தி கேண்டிமேன்' (1998) வேறு நிறம்: சாக்ஸபோன் கிடையாது, ஸ்டீஃபன் ஹாரிஸின் வைப்ரஃபோன் உண்டு; ஜான் சான்டோஸ் தோல் வாத்தியங்கள். உலோகப் பட்டைகள் மேலே மினுமினுக்க, கீழே கிட்டாரின் கனம். அணியின் பெயரும் அப்போது 'பவுண்ட் ஃபார் பவுண்ட்'.

1999-இல் வந்த 'டுவோ' ஆல்பத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். டிரம்ஸ் வாசிக்கும் லியோன் பார்க்கரும் ஹன்டரும் மட்டும். பார்க்கர், எதிரில் பரப்பி வைக்கும் டிரம்களைக் குறைத்துக்கொண்டே போய், சில நாள் ஒரே ஒரு சிம்பலோடு வாசித்தவர். இரண்டு சிக்கனக்காரர்கள் சேர்ந்தால் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று இதில் தெரியும்.

பாட்டும் குரலும் இல்லாமல் ஒட்டவில்லை என்பவர்களுக்கு 'சாங்ஸ் ஃபிரம் தி அனலாக் பிளேகிரவுண்ட்' (2001). நோரா ஜோன்ஸ் தன் முதல் ஆல்பம் 2002-இல் வருவதற்கு முன்பே இதில் இரண்டு பாட்டுப் பாடியிருக்கிறார். கர்ட் எல்லிங்கும் உண்டு. அதே எல்லிங்கோடு இருபது வருடம் கழித்து 'சூப்பர்புளூ' (2021) என்ற அணியில் ஹன்டர் மறுபடி சேர்ந்தார்.

டி.ஜே. கர்க் என்ற அணியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ். தெலோனியஸ் மங்க், ஜேம்ஸ் பிரவுன், ராசான் ரோலண்ட் கர்க் ஆகிய மூவரின் உருப்படிகளை ஒன்றோடொன்று பின்னி வாசிப்பார்கள். பெயரும் அந்த மூவரிடமிருந்து பின்னியதுதான். டிரம்ஸ் வாசிக்கும் பாபி பிரெவிட்டோடு சேர்ந்து செய்த 'கிரவுண்ட்ட்ரூதர்' ஆல்பங்களைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். குரூவைத் தேடி வந்தவரை அவை காட்டுக்குள் விட்டுவிடும். காடு பிடிக்கும் நாள் வரும்போது போகலாம்.

படி 6: அவரை மறைவாகச் சந்தியுங்கள்

பாடகர் டி'ஏஞ்சலோவின் 'வூடூ' (2000) ஆல்பத்தைப் பலர் கேட்டிருப்பார்கள். நியூயார்க்கின் எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் பதிவானது. அதில் 'தி ரூட்', 'ஸ்பானிஷ் ஜாயின்ட்' பாட்டுகளில் வரும் கிட்டாரும் பேஸும் ஹன்டர். வித்தை காட்டுகிற இடமே இல்லாத இடம் அது. பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து, குவெஸ்ட்லவின் டிரம்ஸோடு சேர்ந்து நெய்துகொண்டிருக்கிறார். அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் வேண்டுமென்றே சோம்பலாக, தட்டுக்குச் சற்றுப் பின்னால் தள்ளாடி விழும்.

'ஸ்பானிஷ் ஜாயின்ட்' பாட்டில் தகதிமி சொல்லிப் பாருங்கள். அது வேகமான பாட்டு. மேலே ராய் ஹார்கிரோவின் பித்தளை வாத்தியங்கள் வெட்டிப் போகும். இதெல்லாம் தனித்தனி ஆட்கள், தனித்தனித் தடங்கள் என்று பல வருடம் நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு எனக்கு. கீழே ஓடும் பேஸும் நடுவே தெறிக்கும் கிட்டாரும் ஒரே கையிலிருந்து வருகின்றன என்று தெரிந்த இரவில், அந்தப் பாட்டை எத்தனை முறை திருப்பிப் போட்டேன் என்று கணக்கில்லை.

படி 7: வீட்டில் கிட்டார் இருந்தால்

எட்டுக் கம்பி வேண்டாம். சாதாரண ஆறு கம்பிக் கிட்டார் போதும். அக்கவுஸ்டிக் என்றாலும் சரி. அரை மணி நேரம் இதைச் செய்தவர் அதன் பிறகு ஹன்டரைக் கேட்கும் விதமே மாறிவிடும். கேட்பதற்கான பயிற்சியாகவே இதைச் சொல்கிறேன்.

பிக்கைக் கீழே வையுங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் ஓட விடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தகதிமி, வாய்விட்டு.

முதலில் கட்டைவிரல் மட்டும். தடித்த ஈ கம்பியை அழுத்தாமல் அப்படியே மீட்டுங்கள். அடைப்புக்குள் இருக்கும் எழுத்தில் மட்டும்:

(த)கதிமி தக(தி)மி (த)கதிமி தகதிமி

கடைசித் தட்டில் எதுவும் இல்லை. அந்தக் காலியிடத்தில் கம்பி ஒலித்துக்கொண்டே இருக்கக் கூடாது. கட்டைவிரலை மெல்ல அதன் மேல் வைத்து ஒலியை நிறுத்துங்கள். ஒலியை எப்போது நிறுத்துகிறோம் என்பதும் வாசிப்புதான். ஃபங்கில் பாதி வேலை அதுவே.

இது தானாக ஓடத் தொடங்கியதும் விரல்கள். ஜி கம்பியில் முதல் ஃபிரெட், பி கம்பியில் மூன்றாம் ஃபிரெட். இரண்டே ஸ்வரம்: ஜி ஷார்ப், டி. கீழே ஈ ஒலிக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தால் ஈ7 கார்டின் சாரம் முழுவதும் வந்துவிடுகிறது. ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் இரண்டையும் சேர்த்துக் கிள்ளுங்கள், இரண்டாம் தட்டின் 'த'விலும் நான்காம் தட்டின் 'த'விலும் மட்டும். கிள்ளியவுடன் இடது கையைத் தளர்த்தி ஒலியை வெட்டிவிடுங்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்தால் ஐந்து அடி: பேஸ், கார்டு, பேஸ், பேஸ், கார்டு. இது என்ன என்று தெரிகிறதா? பெரிய டிரம்மும் ஸ்னேரும் வாசிக்கும் மிக அடிப்படையான தாளம். கட்டைவிரல் காலின் வேலையைச் செய்கிறது, மற்ற விரல்கள் ஸ்னேரின் வேலையை. ஹன்டரின் கிட்டாரைப் பேஸும் கிட்டாரும் என்று பிரித்துப் பார்ப்பதைவிட, ஸ்வரம் பேசும் டிரம்ஸ் என்று பார்ப்பது உண்மைக்குப் பக்கம் என்று நான் நம்புவதற்கு இந்தப் பயிற்சியே காரணம்.

குழறும். இரண்டாம் தட்டில் விரல் கிள்ளியதும், அதே தட்டின் 'தி'யில் கட்டைவிரல் வர வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் குழறும். வேகத்தைக் கூட்டித் தாண்ட முயலாதீர்கள். 50-க்கு இறக்குங்கள். வாய் நிற்காமல் இருக்கட்டும். கை நின்றாலும் பரவாயில்லை, வாய் அடுத்த சுற்றைத் தொடங்கும்போது சேர்ந்துகொள்ளுங்கள்.

நாலைந்து நாளில் அது படிந்ததும், கட்டைவிரலை ஏ கம்பிக்கு மாற்றுங்கள். இடது கை விரல்கள் இரண்டையும் ஒரு ஃபிரெட் தலைப்பக்கம் நகர்த்துங்கள். பி கம்பியில் இரண்டாம் ஃபிரெட், ஜி கம்பி அழுத்தாமல். இது ஏ7. அழுத்தாத ஜி கம்பியை இடது கையால் வெட்ட முடியாது என்பதால், கிள்ளிய விரல்களையே திரும்பக் கம்பி மேல் வைத்து நிறுத்துங்கள். நான்கு சுற்று ஈ7, இரண்டு சுற்று ஏ7, மறுபடி இரண்டு சுற்று ஈ7. பன்னிரண்டு சுற்றுப் புளூஸின் முதல் எட்டுச் சுற்று உங்கள் கையில் வந்துவிட்டது. மெட்ரோனோம் 60-இலேயே இருக்கட்டும். வாசித்து முடித்த கையோடு ஹெட்போனை மாட்டி 'நாட்டி டிரெட்' ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள், கட்டைவிரலை மட்டும் கேளுங்கள்.